ஆண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுத்தோம்: ஒரு குடும்ப பட்ஜெட்டின் செய்முறைப் பதிவு

இந்தக் கணக்கைத் தொடங்கிய ஆண்டில் பள்ளி திறந்தபோது, இரண்டு பிள்ளைகளுக்கும் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணம், பாடநூல், சீருடை ஆகிய அனைத்தையும் கிரெடிட் கார்டைத் தொடாமல், யாரிடமும் கைமாற்று வாங்காமல், அதற்கென்றே சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து கட்டி முடித்தோம். எங்கள் வீட்டில் அது முதல்முறை. எந்த வழியாக இங்கே வந்தோம், எந்தெந்த ஏற்பாடுகள் பாதியில் நின்றுபோயின, எந்தக் கணக்கு உண்மையில் உதவியது என்பதை நினைவில் இருக்கும்போதே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: கணவர், நான், மாமியார், பதினான்கு வயது மகள், பத்து வயது மகன். வருமானத் தொகை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் என்பதால், பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் அந்த அளவிலேயே தருகிறேன். 8 என்று எழுதியிருந்தால் மாத வருமானத்தில் நூற்றில் எட்டுப் பங்கு என்று கொள்ளலாம். படிப்பவர்கள் தங்கள் வருமானத்தை இட்டுப் பார்த்துக்கொள்வதற்கும் இதுவே எளிது.

எதையும் மாற்றாமல் எழுதிய மாதம்

முதல் மாதம் எதையும் குறைப்பதில்லை, எழுதுவது மட்டுமே என்று தொடங்கினோம். குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் அந்த மாதம் மட்டும் செலவு இயல்பைவிடக் குறைந்து, கணக்கு பொய்யாகிவிடும். தேவைப்பட்ட பொருட்கள் குறைவு: கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, பென்சில், ரசீதுகளைப் போட்டு வைக்க ஓர் அட்டைப்பெட்டி, கால்குலேட்டர், வங்கியிலிருந்தும் கிரெடிட் கார்டிலிருந்தும் எடுத்த கடந்த 12 மாத அறிக்கைகள். நோட்டில் ஐந்து பத்திகள் போட்டோம்: தேதி, தொகை, எதற்கு, யார் செலவிட்டது, எந்த வழியாகக் கொடுத்தது. கடைசிப் பத்தியை முதலில் தேவையற்றது என்று நினைத்தேன். அதுதான் பிறகு பெரிதும் பயன்பட்டது. ரொக்கமாக எடுத்த பணத்தில் பாதிக்கு மேல் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கைபேசி வழியாகக் கொடுத்தவையோ சிறுசிறு தொகைகளாக இருந்ததால் யார் நினைவிலும் நிற்கவில்லை. கூட்டிப் பார்த்தபோதுதான் அதன் பருமன் தெரிந்தது.

நோட்டுக்கு முன்னால் ஒரு கைபேசிச் செயலியில் தொடங்கியிருந்தோம். அதில் முப்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள் இருந்தன. துவைக்கும் தூளை மளிகையில் சேர்ப்பதா, துப்புரவில் சேர்ப்பதா, வீட்டுப் பொருட்களில் சேர்ப்பதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தது. ஒருவர் ஒன்றிலும் இன்னொருவர் மற்றொன்றிலும் பதிந்ததால் மாதக் கடைசியில் எந்தத் தலைப்பின் கூட்டுத்தொகையும் நம்பும்படி இல்லை. மாமியாருக்கும் மகனுக்கும் கைபேசியில் பதிவது வசப்படவும் இல்லை. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் குடும்பங்களுக்கான கணக்கேட்டை வெளியிட்டார். கையால் எழுதும் அந்த வழக்கம் இன்றுவரை அங்கே நீடிக்கிறது என்று படித்தபோது, நோட்டுக்குத் திரும்புவதில் குறைவொன்றும் இல்லை என்று தோன்றியது. தலைப்புகளையும் பன்னிரண்டாகச் சுருக்கிக்கொண்டோம். நோட்டைச் சாப்பாட்டு மேசையின் மேலேயே, பென்சிலை நூலால் கட்டி வைத்தோம். யார் வீட்டுக்குள் வந்தாலும் கைப்பையை வைக்கும் முன் எழுதிவிட வேண்டும் என்பதே நிபந்தனை.

மாத முடிவில் கிடைத்த கணக்கு இது. வாடகை 22, வாகனக் கடன் தவணை 8, மளிகையும் அன்றாடச் சமையல் பொருட்களும் 21, வெளியில் உண்டதும் வரவழைத்து உண்டதும் 9, மின்சாரம், தண்ணீர், எரிவாயு 6, தொலைபேசி, இணையம், சந்தாக்கள் 4, பயணமும் எரிபொருளும் 7, பள்ளியின் மாதச் செலவுகள் 6, மருந்தும் மருத்துவமும் 4, உடை மற்றும் இணையத்தில் வாங்கியவை 8, கிரெடிட் கார்டு வட்டி 2, எதற்கென்று தெரியாமல் போனது 7. மொத்தம் 104. விசேஷம் ஏதுமில்லாத சாதாரண மாதத்திலேயே 4 துண்டு விழுந்தது.

எல்லாவற்றிலும் பத்து விழுக்காடு

அடுத்த மாதம் எல்லாத் தலைப்பிலும் பத்து விழுக்காடு குறைப்பது என்று முடிவு செய்தோம். கேட்பதற்கு நியாயமாகவும் எல்லோருக்கும் பொதுவாகவும் இருந்தது. ஆனால் வாடகை, கடன் தவணை, பள்ளி, மருந்து, வட்டி ஆகிய ஐந்தையும் நம் விருப்பத்துக்குக் குறைக்க முடியாது. அவை மட்டுமே 42. மீதி 62-இல் பத்து விழுக்காடு என்பது 6.2. அதையும் முழுமையாகக் கடைப்பிடித்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும். நடைமுறையில், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த இடங்களில் அந்தக் குறைப்பு கையைக் கடித்தது. தாராளமாக இருந்த இடங்களில் அது போதவே இல்லை. சமையலறையில் தேவையானதை வாங்காமல் விட்டதால் இரண்டாம் வாரமே வெளியிலிருந்து உணவு வரவழைக்க நேர்ந்து, ஒரு தலைப்பில் மிச்சப்பட்டது இன்னொன்றில் இரட்டிப்பாகப் போனது.

ஆகவே பழைய தொகையிலிருந்து கழிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தலைப்பையும் சுழியத்திலிருந்து கட்டி எழுப்பினோம். சென்ற மாதம் 8 போயிற்று என்பது காரணமாகாது. இந்த மாதம் எது எதற்குத் தேவை என்று எழுதிக் கூட்டினால் வருவதே தொகை. அமெரிக்காவில் பீட்டர் பைர் என்பவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துக்காக உருவாக்கி, 1970-களில் ஜார்ஜியா மாநில அரசின் பட்ஜெட்டுக்கும் கொண்டுபோகப்பட்ட முறை இது. ஒரு மாநிலத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விவாதம்; ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரே ஒரு மாலையில் செய்துவிட முடிந்தது. பரவலாகச் சொல்லப்படும் 50-30-20 பங்கீட்டையும், அதாவது தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்பதையும் போட்டுப் பார்த்தோம். எங்கள் தேவைகள் மட்டுமே 70-ஐத் தாண்டின. வாடகையும் கடன் தவணையும் உள்ள வீட்டில் அந்தப் பங்கீட்டை இலக்காக வைத்துக்கொண்டால் தொடங்கிய அன்றே தோற்றுவிட்டது போன்ற சோர்வுதான் மிஞ்சும் என்று நினைத்து அதை ஒதுக்கினேன்.

“எதிர்பாராத செலவு” என்ற தலைப்பு

பன்னிரண்டு மாத அறிக்கைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, மாதந்தோறும் வராத பெரிய தொகைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். மேலே “எதிர்பாராத செலவுகள்” என்று தலைப்பிட்டிருந்தேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் படித்தார். “பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் எந்த வருஷமாவது வராமல் இருந்திருக்கிறதாம்மா? இதை ஏன் எதிர்பாராத செலவு என்று எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார். பிறகு பென்சிலை வாங்கி, எந்த மாதத்தில் எது வரும் என்று ஓரத்தில் தானே குறிக்கத் தொடங்கினார். வாகனத்துக்கு டயர் மாற்றிய ஆண்டு, உறவில் வரவிருக்கும் விசேஷங்கள், தண்ணீர் மோட்டார் கடைசியாகப் பழுதான மாதம் என அறிக்கைகளில் தேடியும் கிடைக்காதவை அவர் நினைவில் வரிசையாக இருந்தன. எங்கள் பட்ஜெட் உருப்பட்டது அந்தத் தாளிலிருந்துதான் என்பது என் உறுதியான கருத்து.

தாளின் கணக்கு: காப்பீட்டுத் தவணைகள் 26, பள்ளித் தொடக்கச் செலவு 24, விசேஷங்களும் அன்பளிப்புகளும் 16, வாகனப் பராமரிப்பு 14, வீட்டுப் பழுதுபார்ப்பு 10, பழைய கருவிகளுக்குப் பதில் புதியவை 6. கூட்டினால் ஆண்டுக்கு 96. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8. அதாவது எங்கள் உண்மையான மாதச் செலவு 112. துண்டு விழுந்தது நாங்கள் நினைத்த 4 அன்று, 12. கிரெடிட் கார்டில் நிலுவை ஏன் குறையவே இல்லை என்பதற்கும் இதுதான் விடை. தினசரிச் சில்லறைச் செலவுகளைப் பற்றியே வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கடன் ஏறியது ஆண்டுக்கு நாலைந்து முறை வரும் இந்தப் பெரிய தொகைகளால்.

மாதம் 8 ஒதுக்கினால் போதும் என்றுதான் தொடங்கினோம். முதல் ஆண்டுக்கு அது பொருந்தாது என்று சீக்கிரமே தெரிந்தது. பன்னிரண்டால் வகுப்பது, முன்னால் பன்னிரண்டு மாதங்கள் இருக்கும்போதுதான் சரியாக வரும். எங்களுக்கோ பள்ளித் தொடக்கம் நான்கு மாதத்தில் இருந்தது: 24-ஐ நான்கால் வகுத்தால் மாதம் 6. வாகனப் பராமரிப்புக்கு ஏழு மாதம்: மாதம் 2. காப்பீட்டுக்குப் பத்து மாதம்: மாதம் 2.6. எஞ்சிய 32-ஐ மட்டும் பன்னிரண்டால் வகுக்கலாம்: ஏறத்தாழ 2.7. எல்லாம் சேர்த்தால் மாதம் 13-க்கு மேல். அவ்வளவு பணம் இல்லை. எனவே வங்கியில் இருந்த சிறு சேமிப்பிலிருந்து 20-ஐ எடுத்து இந்த ஆண்டுக் கணக்கைத் தொடங்கி வைத்தோம். பள்ளிக்கு இன்னும் சேர்க்க வேண்டியது 4 மட்டும் என்றானதும் மாதத் தேவை 8-ஐ ஒட்டி இறங்கியது.

அந்த 20-ஐக் கிரெடிட் கார்டு நிலுவையில் கட்டியிருந்தால் மாதம் 0.6 வட்டி மிச்சமாகியிருக்கும் என்று கணவர் சொன்னார். கணக்குப்படி அது சரி. ஆனால் நான்கு மாதம் கழித்துப் பள்ளிச் செலவுக்காக மறுபடியும் அதே கார்டைத் தேய்க்க நேர்ந்தால் வீட்டில் எல்லோருக்கும் முயற்சியின் மேலேயே நம்பிக்கை போய்விடும் என்று நான் வாதிட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நாங்கள் ஆண்டுக் கணக்கையே தேர்ந்தெடுத்தோம். அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அதற்குரிய அட்டையை அலமாரியில் பூட்டி வைத்தோம். சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் 8 தானாகவே அங்கே போய்விடும்படி வங்கியில் நிலையாணையும் கொடுத்தோம்.

உறைகள்

அன்றாடச் செலவுக்குப் பழைய உறை முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். சமையல் பொருட்களுக்கு மாதம் 18 என்று நிர்ணயித்து, அதை நான்கு உறைகளில் 4.5 வீதம் போட்டோம். ஒவ்வொரு மாதமும் கடைசி இரண்டு மூன்று நாட்களில் உறை காலியாக இருந்தது. காரணம் எளியது: மாதம் என்பது நான்கு வாரமன்று, ஆண்டின் 52 வாரங்களைப் பன்னிரண்டால் வகுத்தால் 4.33 வாரம். இப்போது நாள் கணக்கில் பிரிக்கிறோம். 18-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.6, வாரத்துக்கு 4.2; நான்கு வாரத்துக்கு 16.8, எஞ்சும் 1.2-ஐ ஐந்தாவதாக ஒரு சிறிய உறையில் போட்டு “29, 30, 31” என்று எழுதி வைக்கிறோம். மாதக் கடைசியின் இழுபறி இந்த ஒரு சின்ன உறையால் நின்றது.

கைபேசி வழியாகவே பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு ரொக்க உறை ஒத்துவராது. கணவருக்கு ஒத்துவரவில்லை. அவருக்காகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு வங்கிக் கணக்கை எடுத்து, வாரத்தின் முதல் நாள் 4.2-ஐ அதற்கு மாற்றி, கைபேசியில் பணம் செலுத்தும் செயலியை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்தோம். இருப்பு தீர்ந்தால் பணம் போகாது. காகித உறை செய்யும் அதே வேலையை அது செய்கிறது.

“எதற்கென்று தெரியாமல்” போன 7-ஐ என்ன செய்வது என்பதில் நீண்ட நேரம் பேசினோம். அதைத் துருவித் துருவிக் கேட்டால் வீட்டில் மனக்கசப்புதான் மிஞ்சும். கடைசியில், பெரியவர்கள் மூவருக்கும் தலா 1, பிள்ளைகள் இருவருக்கும் தலா 0.5 எனக் கைச்செலவுப் பணம் ஒதுக்கினோம். அதற்கு யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது. மொத்தம் 4. கணக்கில்லாமல் போவது அதன்பின் 1-ஆகச் சுருங்கியது. சிக்கனம் கஞ்சத்தனமாக மாறாமல் இருப்பதற்கு இந்த 4 அவசியம் என்று நம்புகிறேன். எந்த நெருக்கடி வந்தாலும் கடைசியாகத்தான் இதில் கை வைப்பேன்.

வாரத்துக்கு ஒருமுறை உட்காருதல்

திட்டத்தை ஒருவர் எழுதி, மற்றவர்களுக்குப் படித்துக் காட்டி, கடைப்பிடிக்கச் சொல்லும் முறை எங்கள் வீட்டில் சில வாரங்களுக்கு மேல் நிற்கவில்லை. அதன் பிறகு வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரத்துக்கு மிகாமல், ஐந்து பேரும் நோட்டைச் சுற்றி உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். பேசுவது மூன்றே விஷயங்கள்: உறைகளில் என்ன இருப்பு, வரும் வாரம் என்ன வழக்கத்துக்கு மாறாக வருகிறது, எந்த ஒன்றை மாற்றலாம். நடந்துமுடிந்த செலவைப் பற்றி “ஏன்” என்று கேட்பதில்லை. “அடுத்த வாரம் என்ன செய்யலாம்” என்று மட்டும் கேட்கலாம். இந்த ஒரு விதியை இரண்டு பேர் மீறிய மாலை ஒன்றில் மகன் எழுந்து போய்விட்டான். அதிலிருந்து விதியை நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டினோம்.

இப்படிப் பேசியதில்தான் வெளியுணவுக்கான 9-இன் காரணம் புரிந்தது. தேதிகளைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி ஆசைப்பட்டு உண்டதன்று. நாங்கள் இருவரும் தாமதமாக வீடு திரும்பிய வார நாட்களில், சமைக்கத் தெம்பில்லாமல் வரவழைத்தது. மன உறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த நாட்களுக்கு உணவு தயாராக இருக்க வேண்டும். விடுமுறை நாளில் இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சமைத்து, அளவாகப் பிரித்து, தேதி எழுதி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைக்கத் தொடங்கினோம். மாதத்தில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வெளியே போவதைத் திட்டத்திலேயே சேர்த்தோம். 9 என்பது 4 ஆயிற்று. வேறெந்தத் தலைப்பிலும் இவ்வளவு மிச்சமாகவில்லை.

உடைக்கும் இணையக் கொள்முதலுக்கும் போன 8-ஐக் குறைத்தது ஒரு தாள். அலமாரிக் கதவில் அதை ஒட்டி, வாங்க நினைக்கும் பொருளையும் அன்றைய தேதியையும் அவரவரே எழுத வேண்டும்; இரண்டு வாரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம், யாரும் தடுக்க மாட்டோம். வாங்கும் தளங்களில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரங்களையும் நீக்கினோம். தாளில் உள்ள பல வரிகளை எழுதியவர்களே அடித்திருக்கிறார்கள்; மகள் ஒரு காலணியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி, கடைசியில் தன் கைச்செலவுப் பணத்தையும் சேர்த்து அதை வாங்கினாள். இப்போது இந்தத் தலைப்பு 4-இல் நிற்கிறது.

மீட்டரும் குவளையும் தராசும்

மின்சாரத்தை அளக்க, பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கினோம். விலை எங்கள் அளவில் 1-ஐ விடக் குறைவு. ஒவ்வொரு கருவியையும் ஒருநாள் முழுவதும் அதில் ஓடவிட்டு எழுதும் பொறுப்பை மகள் ஏற்றாள். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மற்றதை அவளே கணக்கிட்டாள். தொலைக்காட்சியும் அதன் பெட்டியும் அணைத்த நிலையிலும் சேர்ந்து 12 வாட் எடுத்துக்கொண்டிருந்தன. 12-ஐ 24-ஆலும் 365-ஆலும் பெருக்கினால் ஆண்டுக்கு 105 யூனிட். சுவிட்சை அணைப்பது வேலையாகத் தெரியாமல் இருக்க, இரண்டையும் ஒரே நீட்டிப்பு இணைப்பில் போட்டு, அதன் பொத்தானைக் கை எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். விலை குறைந்த மீட்டர்கள் ஓரிரு வாட் அளவில் சரியாகக் காட்டுவதில்லை. ஆகவே கைபேசி சார்ஜர் போன்றவற்றை அளப்பதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். மேல்பக்கத்தில் காகிதம் இறுகப் பிடித்தது. கீழ் மூலையில் தடையில்லாமல் வந்துவிட்டது. ரப்பர் விளிம்பைச் சோப்பு நீரில் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் சிறிது நேரம் ஒற்றியதும் மறுபடி படிந்தது. படியாமல் இருந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே 4 டிகிரி செல்சியஸ், உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி போதும். எங்கள் பெட்டி அதைவிடக் குளிராக வைக்கப்பட்டிருந்தது.

சொட்டிக்கொண்டிருந்த குழாயின் கீழே மகன் அளவுக் குவளையை வைத்து நேரம் பார்த்தான். கால் மணி நேரத்தில் 200 மில்லிலிட்டர். ஒரு நாளில் 96 கால் மணி நேரம். ஆக 19 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 7000 லிட்டர். வாஷரை மாற்றுவதற்கு ஆன செலவு கணக்கில் எழுதும் அளவுக்குக்கூட இல்லை.

சேமிப்பு அலமாரியை முழுவதும் வெளியே எடுத்துப் பட்டியலிட்டபோது, துவைக்கும் தூளில் மட்டும் பிரித்த பொட்டலங்கள் மூன்று இருந்தன. இருப்பது தெரியாமல் வாங்குவதுதான் எங்கள் மளிகைச் செலவின் பெரிய ஓட்டை. இப்போது அலமாரிக் கதவின் உட்புறம் இருப்புப் பட்டியல் தொங்குகிறது. அதைப் பார்க்காமல் வாங்கும் பட்டியல் எழுதுவதில்லை. விலையை 100 கிராமுக்கு எவ்வளவு என்று மாற்றித்தான் ஒப்பிடுகிறோம். சில பொருட்களில் பெரிய பொட்டலமே எடைக்கு எடை விலை கூடுதலாக இருந்ததைப் பார்த்தபின் இதை விடுவதில்லை. மலிவாகவே இருந்தாலும், பெரிய பொட்டலம் வீட்டில் இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேகமாகத் தீர்ந்துபோகும் பொருளில் பெரியது லாபமன்று. ஒரு வாரம் குப்பைக்குப் போகும் உணவைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினோம். எடையைவிட, எந்த வேளையில் மிஞ்சுகிறது என்பதே பயன்பட்டது: இரவு உணவை அளவு குறைத்தோம், வேறெதையும் மாற்றவில்லை. இவை எல்லாம் சேர்ந்து 21 என்பது 18 ஆயிற்று.

சந்தாக்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கார்டு அறிக்கையில் மாதந்தோறும் ஒரே தொகையில் வரும் வரிகளை அடிக்கோடிட்டு, சென்ற மாதம் யாரும் தொடாதவற்றை நிறுத்தினோம். கூடவே தொலைபேசித் திட்டத்தையும் மாற்றினோம். 4-இலிருந்து 2.5.

இந்தப் பகுதியில்தான் நாங்கள் அதிக உழைப்பைக் கொட்டினோம். ஆனால் மின்சாரம், தண்ணீர், எரிவாயுவில் குறைந்தது 1 மட்டுமே. பயணத்தில் ஓர் 1. இருந்தாலும் மீட்டரும் குவளையும் கைக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் இந்த வேலையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். மின்கட்டணத்தில் குறையும் தொகையில் பாதி அவர்கள் விரும்பும் காரியத்துக்கு என்று வாக்களித்திருந்தோம். அதைத் தவறாமல் கொடுத்துவருகிறோம்.

நிலுவை

எல்லாம் படிந்து நிலைக்கச் சில மாதங்கள் ஆயின. அதன்பின் மாதக் கணக்கு, ஆண்டுக் கணக்குக்கான 8-ஐயும் கைச்செலவுக்கான 4-ஐயும் சேர்த்தே, 92.5-இல் நின்றது. மிஞ்சிய 7.5 முழுவதும் கிரெடிட் கார்டுக்குப் போயிற்று. அதில் நிலுவை 65. வட்டி மாதம் 3 விழுக்காடு. மாதம் 3 என்பது சிறிதாகத் தோன்றும். வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஆண்டுக்கு 42.6 விழுக்காடு. முன்பு கட்டிவந்ததுபோல் மாதம் 2.5 மட்டும் கட்டினால், அதில் 1.95 வட்டிக்கே போய், கடன் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கட்டும் மொத்தம் ஏறத்தாழ 128. மாதம் 7.5 கட்டினால் பதினோராம் மாதத்தில் தீரும். மொத்தம் 76-ஐ ஒட்டி. இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். நிலுவை முழுதும் தீரும்வரை கார்டைப் புதிதாக எதற்கும் பயன்படுத்தவில்லை; பாக்கி இருக்கும்போது பல கார்டுகளில் புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மறுபடி தொடங்குவதாக இருந்தால் மாதச் செலவை எழுதுவதற்கு முன்பே ஆண்டுப் பட்டியலைத்தான் போடுவேன். அதுவும் வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஆண்டின் மிகப் பெரிய செலவு முடிந்த மறுமாதத்தில் தொடங்குவது நல்லது. அடுத்ததற்குப் பன்னிரண்டு மாதமும் முழுதாகக் கிடைக்கும், சேமிப்பைக் கலைக்க வேண்டியிராது. வாட் மீட்டரை விலைக்கு வாங்காமல் யாரிடமாவது இரவல் கேட்டிருக்கலாம். ஒருமுறை அளந்த பிறகு அது அலமாரியில்தான் கிடக்கிறது. காப்பீட்டில் ஒரே இடருக்கு இரண்டு திட்டங்கள் இருந்ததை இரண்டாம் ஆண்டில்தான் கவனித்தோம். காப்பின் அளவைக் குறைக்காமல் அதில் ஒன்றை நிறுத்தியதால் ஆண்டுக் கணக்கு 96-இலிருந்து 90 ஆகி, மாத ஒதுக்கீடு 7.5 ஆயிற்று.

விலைவாசியை இந்தத் திட்டத்தில் முதலில் கணக்கிலெடுக்கவில்லை. சமையல் பொருட்களின் விலை 5 விழுக்காடு ஏறினால் 18 என்பது 18.9 ஆகும், அந்த 0.9 எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் வாராந்திர உறை மெல்ல மெல்லத் தோற்கும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் தொகைகளையும் சுழியத்திலிருந்து மறுபடி போடுகிறோம்.

கடன் தீர்ந்தபின் மாதம் 8 அவசர நிதிக்குப் போகிறது. வாடகை, தவணை, சமையல், மின்சாரம், தொலைபேசி, பயணம், பள்ளி, மருந்து ஆகியவை சேர்ந்து 71.5, மூன்று மாதத்துக்கு 214.5 வேண்டும். இதுவரை சேர்ந்திருப்பது 90. வாகனக் கடன் விரைவில் முடிகிறது. முடிந்தபின் யோசிக்கலாம் என்று விட்டால் அந்த 8 இடம் தெரியாமல் கரைந்துவிடும் என்பதால், சென்ற வார உட்காரலிலேயே பிரித்துவிட்டோம்: 5 அவசர நிதிக்கு, 3 அடுத்த வாகனத்துக்கு. தவணை நின்றதும் அவசியச் செலவே 63.5 ஆகக் குறைவதால் அவசர நிதியின் இலக்கும் 190.5 ஆகிறது. சேர வேண்டியது இன்னும் 100.5, மாதம் 13 வீதம் போனால் எட்டு மாதம்.